ஜாமீன் கையெழுத்து



இந்த இதழ் மூன்று வாரம் தாமதமாக உங்கள் கைக்கு வருகிறது. தாமதத்துக்கு நாம் வழக்கமாகச் சொல்லும் காரணங்கள் உங்களுக்கு மனப்பாடம்: காகித விலை, அச்சகப் பாக்கி, சந்தா அனுப்பாத நண்பர்கள். இந்த முறை காரணம் வேறு. அச்சகத்துக்கென்று என் சம்பளத்திலிருந்து எடுத்து வைத்திருந்த 18,000 ரூபாயில் 17,792 ரூபாய் என் அக்கா மகனுடைய மோட்டார் பைக்குக்குப் போய்விட்டது. ஆசிரியர் குழுத் தோழர்கள் கேட்டார்கள், "பைக்குக்குத் தவணை கட்டவா பத்திரிகை நடத்துறோம்?" என்று. கேட்டது நியாயம். என் சம்பளப் பணம்தான் என்றாலும், இதழுக்கென்று வாயால் சொல்லி வைத்த பணம் இதழுடையது. ஆகவே கணக்கை எழுதியே சொல்லிவிடுகிறேன். கூட்டத்தில் சொன்னால் பாதியில் டீ வந்துவிடுகிறது.

மாப்பிள்ளைக்கு இருபத்திரண்டு வயது. பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ. மதுரைக்கு வெளியே ஒரு கிடங்கில் ஒப்பந்த வேலை, மாதம் பதினாறாயிரம் ரூபாய். இரவு பத்து மணிக்கு வேலை முடியும். ஊருக்குக் கடைசி பஸ் எட்டு நாற்பதுக்கே போய்விடும். வண்டி வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. எந்த வண்டி என்பதில்தான் தகராறு. அவன் கேட்டது 200 சிசி. சாலைக்கு வரும்போது 2,35,000 ரூபாய். அக்காவின் சீட்டுப் பணம் முப்பத்தையாயிரம் முன்பணம், மிச்சம் 2 லட்சம் கடன். இதுவரை கடனே வாங்காதவன் என்பதால் அவனுக்கு சிபில் மதிப்பெண் இல்லை. அதனால் ஜாமீன் கேட்டார்கள். "மாமா, ஒரு கையெழுத்து" என்று வந்து நின்றான்.

நான் பிரசங்கம் செய்தேன். செய்யாமல் இருப்பேனா? வங்கியில் குமாஸ்தா, வெளியில் கவிஞன், இந்தப் பக்கங்களில் நுகர்வுக் கலாச்சாரத்தைப் பற்றி நாலு தலையங்கம் எழுதியவன். விளம்பரம் உன் ஆசையைத் தயாரிக்கிறது, முதலாளி உன் வருங்காலச் சம்பளத்தை இன்றைக்கே அறுவடை செய்கிறான், எக்ஸ்எல் வாங்கினால் மூன்றில் ஒரு பங்கில் முடிந்துவிடும் என்றெல்லாம் அரைமணி நேரம் சொன்னேன். எல்லாம் சரியான வார்த்தைகள். கேட்டுவிட்டுச் சொன்னான்:

"எக்ஸ்எல்லு வேணாம் மாமா. நான் ஒண்ணாப்பு படிக்கையில அப்பா என்னைய சைக்கிள் கேரியர்ல உக்கார வச்சு ஊர்த்தெரு முக்கு வந்ததும் எறங்கிருவாரு. சாவடி தாண்டுற வரைக்கும் தள்ளிக்கிட்டே போவாரு. நான் மேல, அவரு கீழ. ஏம்ப்பா தள்றனு கேட்டா காத்து இல்லடாம்பாரு. தெனமும் காத்து இருக்காது. எக்ஸ்எல்ல கூட ஒருத்தன் தள்ளச் சொன்னா தள்ளிறலாம். இத எவன் தள்ளுவான்? நூத்தம்பது கிலோ."

அது 2008 வாக்கில். உத்தப்புரத்துச் சுவரில் ஒரு பகுதியை இடித்துப் பாதை விட்ட வருடம். மச்சான் ஊர்த்தெருவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவார் என்பது எனக்குத் தெரியும். என் அப்பாவும் தள்ளியவர்தான். ஆனால் கேரியரில் உட்கார்ந்திருந்த பிள்ளை அதை எண்ணிக்கொண்டிருந்தான் என்பது தெரியாது.

வெட்கத்தில் கையெழுத்துப் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை, கடையில் பாட்டு, வண்டிக்கு மாலை, அட்டையில் செய்த பெரிய சாவியைக் கையில் கொடுத்துப் போட்டோ. முப்பது பக்கத் தாளைப் புரட்டிப் புரட்டிப் பெருக்கல் குறி போட்ட இடத்திலெல்லாம் போட்டேன். ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை. அடுத்தவர் பத்திரத்தில் ஒரு சுழி விடுபட்டாலும் கவுண்டரிலிருந்து திருப்பி அனுப்புகிறவன் நான்.

படித்திருந்தால் என்ன தெரிந்திருக்கும்? கணக்கைச் சொல்கிறேன், மாணவத் தோழர்கள் பேனா எடுத்துப் போட்டுப் பார்க்கலாம். 2 லட்சம், மூன்று வருடம், 12 சதவீத வட்டி என்று கடைப் பையன் சொன்னான். எங்கள் வங்கியில் 12 சதவீதம் என்றால் ஒவ்வொரு மாதமும் அசல் குறையக் குறைய மிச்சத்துக்குத்தான் வட்டி. மாதத் தவணை 6,643 ரூபாய். மூன்று வருடத்தில் மொத்த வட்டி 39,000 ரூபாய் சொச்சம். அந்தக் கடையில் சொன்ன 12 வேறு 12. முதல் நாள் வாங்கிய முழு 2 லட்சத்துக்கும் கடைசி மாதம் வரை வட்டி. வருடத்துக்கு 24,000, மூன்று வருடத்துக்கு 72,000. தவணை 7,556. பாதிக் கடனைக் கட்டி முடித்த பிறகும் கட்டி முடித்த பாதிக்கும் சேர்த்து வட்டி கட்டிக்கொண்டிருப்பான். குறையும் இருப்பின் மேல் போட்டுப் பார்த்தால் இது ஆண்டுக்கு 21 சதவீதத்துக்கு மேல்.

இதை மறைக்கவும் இல்லை என்பதுதான் வேடிக்கை. 2024 அக்டோபர் முதல் தனிநபர் கடன்கள் எல்லாவற்றுக்கும் உண்மையான ஆண்டு வட்டி, கட்டணங்கள் எல்லாம் அடங்கிய சுருக்கத் தாள் ஒன்றைக் கடன்காரருக்குத் தர வேண்டும், அது அவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி போட்டிருக்கிறது. அந்தத் தாளும் கட்டுக்குள் இருந்தது. இங்கிலீஷில். அதிலும் என் கையெழுத்து இருக்கிறது.

இங்கே நிறுத்தி ஒரு கேள்வி கேட்க வேண்டும். இந்தக் கடன் மட்டும் ஏன் நம் பிள்ளைகளுக்கு அரைமணி நேரத்தில் கிடைக்கிறது? நான் கவுண்டருக்கு உள்ளே உட்கார்ந்து பன்னிரண்டு வருடமாகிறது. 4 லட்சம் வரை கல்விக் கடனுக்குச் சொத்துப் பிணை கேட்கக் கூடாது என்று விதி. ஆனாலும் காலனியிலிருந்து வருகிற பெண்பிள்ளை நாலு தடவை நடக்கிறாள். மேலாளர் லீவு, சிஸ்டம் இல்லை, அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா. 1972இல் ஏழைகளுக்கென்று 4 சதவீத வட்டியில் ஒரு கடன் திட்டம் கொண்டுவந்தார்கள். அதில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்குப் போக வேண்டும் என்று எழுதினார்கள். எத்தனை பேர் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்கள்? மோட்டார் பைக்குக்கு மட்டும் எங்கிருந்து இத்தனை பாசம்?

பாசம் இல்லை, பிணை. கடன் என்பது எங்கேயும் எதையாவது பிடித்துவைத்துக்கொண்டு கொடுப்பதுதான். நிலம் வைத்திருப்பவனுக்கு நிலத்தின் மேல், மாடிவீடு வைத்திருப்பவனுக்கு வீட்டின் மேல். நம்மிடம் பிடிக்க என்ன இருக்கிறது? 1892இல் பஞ்சமி நிலம் என்று ஒதுக்கிய 12 லட்சம் ஏக்கரில் நம் கையில் மிஞ்சியிருப்பதை ஊர் ஊராகப் போய்த் தேட வேண்டியிருக்கிறது. நம் பாட்டன்களிடம் பிடிக்க அவர்கள் உடம்பு இருந்தது. கல்யாணத்துக்கு நாலு மூட்டை நெல் வாங்கிய கடனுக்கு ஆயுள் முழுக்கப் பண்ணையாள். கொத்தடிமை முறையைச் சட்டம் போட்டு ஒழித்தது 1976இல். இப்போது உடம்பைப் பிடிக்க முடியாது, நிலமும் இல்லை. ஆனால் வண்டிக்குச் சக்கரம் இருக்கிறது, வந்த வழியே ஓட்டிக்கொண்டு போய்விடலாம். படிப்பைப் பறிமுதல் செய்ய முடியாது. அதனால்தான் படிப்புக்குக் கடன் கொடுக்க அத்தனை யோசிக்கிறார்கள்.

வண்டி வந்து ஏழு தவணை ஒழுங்காகப் போனது. பிறகு கிடங்கில் ஒப்பந்தக்காரர் மாறினார், பழைய ஆட்களுக்கு இரண்டு மாதம் வேலை இல்லை. தவணை இரண்டு நின்றது. அவன் என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஒரு நாள் சாயங்காலம் ஊர்த்தெரு டீக்கடை முன்னால் இரண்டு பேர் அவனை நிறுத்தினார்கள். எந்தக் கடுதாசியும் இல்லை, முன்னறிவிப்பும் இல்லை. சாவியைப் பிடுங்கினார்கள். ஒருத்தன் வண்டியை எடுத்துக்கொண்டு போக, இன்னொருத்தன் பின்னாலேயே போனான். டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். "தவணை வண்டியாடா? நாங்க என்னமோன்னு நெனச்சோம்." அதே சாவடி. அப்பன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போன இடத்தில் மகன் வெறுங்கையோடு நடந்துபோனான்.

எத்தனையோ இடம் இருக்க ஏன் அங்கே நிறுத்தினார்கள்? எனக்குத் தெரிந்தவரை அவர்களுக்கு சாதிக் கணக்கு ஒன்றும் இல்லை. நாலு பேர் பார்க்கிற இடத்தில் பறித்தால் எதிர்க்க மாட்டான் என்கிற தொழில் கணக்குதான். ஆனால் நம் ஊரில் அந்தத் தொழில் கணக்கு எந்த இடத்தில் போய் உட்காருகிறது பாருங்கள்.

இரவு பதினொரு மணிக்கு அக்கா போன் செய்தாள். "தம்பி, வந்ததுலருந்து சுவத்தப் பாத்துப் படுத்திருக்கான். சாப்பாடும் வேணாங்குறான். எனக்குப் பயமா இருக்கு" என்றாள். மறுநாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். கடன் வசூலுக்குக் குண்டர்களை வைத்து வண்டியைப் பிடுங்கக் கூடாது, சட்டப்படியான வழியில்தான் போக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2007இல் சொல்லியிருக்கிறது. காலை எட்டு மணிக்கு முன்னும் மாலை ஏழு மணிக்குப் பின்னும் வசூல் ஏஜெண்டுகள் போன் செய்யவே கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022இல் சுற்றறிக்கை விட்டது. (பண்ணையாருக்கு இப்படி நேரக் கட்டுப்பாடு எதுவும் கிடையாது, நாம் முன்னேறித்தான் இருக்கிறோம்.) இரண்டையும் அச்செடுத்துக்கொண்டு போய் மேசைமேல் வைத்தேன். வங்கி அடையாள அட்டையையும் பக்கத்தில் வைத்தேன், அதைச் சொல்லாமல் விடக்கூடாது. 'சார்' வந்தது, நாற்காலி வந்தது. தவணை இரண்டுக்கு 15,112. தவணை திரும்பி வந்ததற்கு அபராதம் 590 வீதம் 1,180. வண்டியை அவர்கள் இடத்தில் நிறுத்தி வைத்ததற்கு வாடகை 1,500. ஆக 17,792. வாடகையைக் கேட்டபோது எனக்கு வந்த கோபத்துக்கு ஒரு கவிதை எழுதியிருக்கலாம். கட்டிவிட்டு வண்டியை எடுத்து வந்தோம். இதுதான் அச்சகப் பணத்தின் கதை.

இப்போது தோழர்கள் கூட்டத்தில் எழுப்பிய பெரிய கேள்விக்கு வருகிறேன். "ஒரு தலைமுறை உசுரக் கொடுத்துப் போராடுனது இவனுங்க 200 சிசி ஓட்டறதுக்கா?" (கேட்டவர் காரில் வந்தவர். காரும் தவணையில்தான். இருக்கட்டும்.)

வண்டி நமக்கு எப்போதும் வெறும் வண்டியாக இருந்ததில்லை. 1893இல் திருவிதாங்கூரில் அய்யன்காளி வில்வண்டி ஒன்றை விலைக்கு வாங்கி, காளை பூட்டி, தலைப்பாகை கட்டிக்கொண்டு, புலையருக்கு விலக்கப்பட்ட பொதுச்சாலையில் ஓட்டிப் போனார். நடந்தே போயிருக்கலாமே, எதற்கு ஆடம்பரம் என்று அன்றைக்கும் யாராவது கேட்டிருப்பார்கள். 1930இல் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிதிராவிடர்களுக்கு ஆதிக்க சாதிக்காரர்கள் விதித்த தடைகளின் பட்டியல் அரசு ஆவணத்திலேயே இருக்கிறது: தங்கம், வெள்ளி கூடாது, சட்டை கூடாது, குடை கூடாது, செருப்பு கூடாது. குடையும் செருப்பும் நுகர்வுக் கலாச்சாரமா? 1995இல் கொடியன்குளத்தில் போலீஸ் புகுந்தபோது எதைத் தேடித் தேடி உடைத்தார்கள்? டி.வி., டேப் ரெக்கார்டர், மின்விசிறி, தையல் இயந்திரம், டிராக்டர். படித்த பிள்ளைகளின் சான்றிதழையும் பாஸ்போர்ட்டையும் கொளுத்தினார்கள். வெளிநாட்டுக் காசில் அந்த ஊர் நிமிர்ந்து உட்கார்ந்ததுதான் உறுத்தியது. 1997இல் விருதுநகரில் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைத்தபோது, அந்த பஸ்ஸில் ஏற மாட்டோம் என்றார்கள். அரசு என்ன செய்தது? எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் எல்லாத் தலைவர்கள் பெயரையும் எடுத்துவிட்டது. நம் பெயர் இருக்கிற வண்டியில் ஏறுவதைவிட எவர் பெயரும் இல்லாத வண்டி அவர்களுக்கு மேல்.

இதெல்லாம் பழங்கதை என்று நினைக்கிற மாணவர்களுக்கு: 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மானாமதுரைப் பக்கம் மேலப்பிடாவூரில், புல்லட் ஓட்டிக்கொண்டு போன நம் கல்லூரி மாணவன் ஒருவனின் கைகளை வெட்டினார்கள். எங்கள் முன்னால் நீ புல்லட் ஓட்டுவதா என்று கேட்டு வெட்டியதாகப் புகார். சிவகங்கை அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்துக்குள் இருந்த பகுதிதான். வெட்டு விழுந்தது கையில், ஆக்ஸிலேட்டரைப் பிடிக்கிற கையில். ஆகவே தோழர், 200 சிசிக்காகப் போராடவில்லை என்று நாம் சொல்லலாம். அவர்கள் அதற்காக வெட்டுகிறார்கள்.

ஆனால் நான் இத்தோடு நிறுத்திக்கொண்டால் பொய் சொன்னவன் ஆவேன். அண்ணல் தன் வாழ்க்கையில் நடந்ததாக எழுதிய இரண்டு வண்டிக் கதைகள் இருக்கின்றன. 1901இல், பத்து வயதுகூட நிரம்பாத பீம்ராவ், கோரேகாவில் காசாளராக இருந்த அப்பாவைப் பார்க்க மசூர் ஸ்டேஷனில் இறங்குகிறார். மகார் பிள்ளைகள் என்று தெரிந்ததும் எந்த வண்டிக்காரனும் வரவில்லை. கடைசியில் ஒருவன் ஒப்புக்கொள்கிறான்: இரட்டை வாடகை, வண்டியைப் பிள்ளைகளே ஓட்ட வேண்டும், அவன் கூட நடந்து வருவான். முதல் நாளிலிருந்தே நாம் இரட்டை வாடகைதான் கொடுத்து வருகிறோம். 12 சொல்லி 21 வாங்குகிறவன் புதிதாக ஒன்றும் கண்டுபிடித்துவிடவில்லை.

இரண்டாவது கதை 1929, சாலிஸ்கான். ஸ்டேஷனில் இறங்கிய பாரிஸ்டர் அம்பேத்கரை மகார்வாடாவுக்கு நடத்தி அழைத்துப் போவது மரியாதை அல்ல என்று நம் ஜனங்கள் நினைக்கிறார்கள். தோங்காக்காரர்கள் ஓட்ட மறுக்கிறார்கள். வண்டியை மட்டும் வாடகைக்குப் பிடித்து, ஓட்டத் தெரியாத ஒருவரை ஓட்ட வைக்கிறார்கள். பாலத்தில் சக்கரம் மாட்டி, அண்ணல் கல்தரையில் தூக்கி எறியப்பட்டு, கால் எலும்பு முறிகிறது. என் கௌரவத்தைக் காப்பாற்றப் போய் என் உயிருக்கே ஆபத்தைத் தேடிவிட்டார்கள் என்கிற பொருளில் அவர் எழுதுகிறார். கோபமாக அல்ல; அவர்கள் ஏன் அப்படிச் செய்தார்கள் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் எழுதாமல் விடவும் இல்லை.

வண்டியை மீட்டுக்கொண்டு வந்த அன்று மாப்பிள்ளை என்னைப் பின்னால் உட்கார வைத்து நாலுவழிச் சாலையில் ஓட்டினான். முள் நூற்றுப் பத்தைத் தொட்டது. எனக்கு அடிவயிறு கலங்கியது. ஹெல்மெட் அவன் முழங்கையில் தொங்கிக்கொண்டிருந்தது. நிறுத்தச் சொல்லி ஒரு புளியமரத்தடியில் கேட்டேன், ஏண்டா மாட்டலை என்று. "ஊருக்குள்ள போட்டா யாருன்னு தெரியாதுல்ல மாமா. தெரியணும்ல." சரி, இங்கே? நாலுவழிச் சாலையில்? கொஞ்ச நேரம் பேசவில்லை. "இங்க எவனுக்கும் நான் யாருன்னு தெரியாது மாமா. அதான் இம்புட்டு வேகம்."

அந்தப் பதிலை வைத்து நான் நாலு ராத்திரி தூங்கவில்லை. தெரிய வேண்டும் என்பதற்கும் ஹெல்மெட் இல்லை, தெரியாமல் இருப்பதற்கும் ஹெல்மெட் இல்லை. 2022இல் மட்டும் இந்தியச் சாலைகளில் செத்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் நூற்றுக்கு நாற்பத்து நாலு பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் போனவர்கள். அரிவாளுக்குப் பயந்து ஓட்டாதே என்று என்னால் அவனிடம் சொல்ல முடியாது; சொல்லவும் மாட்டேன். லாரிக்குப் பயப்படு என்று சொன்னேன். "லாரிக்குச் சாதி தெரியாது மாப்ள, எல்லாத்தையும் ஒண்ணா அரைக்கும்." சிரித்தான். மாட்டிக்கொண்டான். வீடு வரை மாட்டியிருந்தான், அதற்கு மேல் நான் பார்க்கவில்லை.

நம் இயக்கங்கள் சிலைக்கு மாலை போடும், வழக்கு நடத்தும், கை வெட்டுப்பட்டவனைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு ஓடும். எல்லாம் வேண்டும். ஆனால் இருபது வயதுப் பையன் கடன் தாளில் கையெழுத்துப் போடப் போகும்போது கூடப் போக ஆள் இல்லை. போன ஒரே ஆளும் படிக்காமல் போட்டான். வங்கியில், இன்சூரன்ஸில், கோர்ட்டில் வேலை செய்கிற நம் ஆட்கள் எத்தனை பேர் இருக்கிறோம்? ஆசிரியர் குழுவில் பேசி, அடுத்த மாதத்திலிருந்து இரண்டாம் ஞாயிறு வாசகர் வட்டத்தில் கவிதை வாசிப்புக்கு முன்னால் இரண்டு மணி நேரம் கடன் தாள் வாசிப்பு என்று முடிவு செய்திருக்கிறோம். பைக், நகை, குழுக்கடன், செல்போன் ஆப் கடன் எதுவானாலும் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கொண்டு வாருங்கள். போட்ட பிறகும் கொண்டு வரலாம். இங்கிலீஷில் இருந்தால் தமிழில் சொல்வோம். 'ஏன் வாங்குகிறாய்' என்று எவரும் கேட்க மாட்டோம். நான் கேட்டால் நிறுத்தச் சொல்லுங்கள்.

அச்சகப் பாக்கியைத் தோழர்கள் இருவர் கைமாற்றாகக் கொடுத்திருக்கிறார்கள், வட்டி இல்லாமல். சந்தா அனுப்பாதவர்கள் அனுப்பினால் அவர்களுக்குத் திருப்பிக் கொடுத்துவிடலாம். மாப்பிள்ளைக்கு வேறு கிடங்கில் வேலை கிடைத்திருக்கிறது. இன்னும் இருபத்தேழு தவணை இருக்கிறது. இந்த இதழ்க் கட்டுகளை அச்சகத்திலிருந்து தபால் நிலையத்துக்கு அந்த வண்டியில்தான் மூன்று நடையில் கொண்டுபோனான். பெட்ரோலுக்கு நூறு ரூபாய் கேட்டு வாங்கிக்கொண்டான். கணக்கில் எழுதியிருக்கிறேன்.

ஜெய்பீம்.